வருகிற கடிதம் வருகிறது. போகிற கடிதம் ஏன் போவதில்லை?

"வருவதெல்லாம் ஒழுங்காக வருகிறது, ஹஜ்ரத்! நாங்கள் அனுப்புவதுதான் போய்ச் சேர்வதில்லை." தருமபுரி, பாலக்கோடு, அரூர் என்று எந்த ஊருக்குச் சென்றாலும், மேசைக் கணிப்பொறியில் மின்னஞ்சல் வைத்திருக்கும் அன்பர்களிடமிருந்து இம்முறையீடு காதில் விழுகிறது. அதனைச் சொல்பவர் அடுத்து வந்து சேரும் முடிவும் பெரும்பாலும் ஒன்றுதான்: கணிப்பொறி கெட்டுவிட்டது. இல்லை, கெடவில்லை. பத்தில் ஒன்பது முறை எதுவுமே கெட்டிருப்பதில்லை. ஏதோ ஒரு வாயிலில் நம் கடிதத்தை நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். அக்கேள்விக்கு நம் பக்கத்திலிருந்து பதில் போகவில்லை, அவ்வளவே.

கைப்பேசி வந்த பிறகு கணிப்பொறியின் முன் அமர்ந்து கடிதம் எழுதுவோர் குறைந்துவிட்டனர் என்பது உண்மையே. ஆயினும் ஆடிட்டர் அலுவலகங்களிலும், டி.டி.பி. நிலையங்களிலும், பள்ளி அலுவலகங்களிலும், வெளியூர் வியாபாரம் செய்யும் கடைகளிலும் அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் மென்பொருள்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இணைப்பு இல்லாத வேளையிலும் பழைய கடிதங்களைத் தேடிப் படிக்கலாம் என்பதே அவற்றின் பெரும் வசதி. அதே வசதியில்தான் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. கடிதத்தை எழுதி 'அனுப்பு' என்னும் பொத்தானை அழுத்தியவுடன் அது கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. போய்விட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அது 'அவுட்பாக்ஸ்' என்னும் பெட்டிக்குள் படுத்துக் கிடக்கும். பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருத்தி, வெளியூர்க் கல்லூரி ஒன்றுக்குத் தன் சான்றிதழ்களை இவ்வாறு அனுப்பினாள். பதினொரு நாள் அவை அப்பெட்டியிலேயே கிடந்தன. பன்னிரண்டாம் நாள் கல்லூரியைத் தொலைபேசியில் அழைத்தபோது, இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

இரு வேறு பாதைகள்

நம் வீட்டுக்குத் தபால்காரர் நாள்தோறும் வருகிறார். வாசலிலேயே கடிதத்தைத் தருகிறார். நாம் எழுதியதைப் போடவோ தெருமுனையிலுள்ள சிவப்புப் பெட்டியை நோக்கி நடக்கிறோம். தபால்காரர் தவறாமல் வருகிறார் என்பதனால் தெருமுனைப் பெட்டியும் தவறாமல் திறக்கப்படுகிறது என்று கொள்ள முடியுமா? முடியாது. அது வேறு ஆள், வேறு வேளை, வேறு பாதை.

மின்னஞ்சலும் இவ்வாறே இயங்குகிறது. வந்த கடிதங்களை நமக்கு எடுத்துத் தரும் முறைக்குப் 'பாப்' என்றும் 'ஐமேப்' என்றும் பெயர். நாம் எழுதியதை ஏற்றுக்கொண்டு வெளியே அனுப்பும் முறைக்கு 'எஸ்.எம்.டி.பி.' என்று பெயர். இரண்டுக்கும் சர்வரின் பெயர் வேறு. வாயில் எண் வேறு. மென்பொருளில் கடவுச்சொல் பதியப்படும் இடமும் வேறு. ஆகவே ஒரு பாதை திறந்தும் மறு பாதை அடைபட்டும் இருப்பதில் வியப்பொன்றுமில்லை.

இவ்விரண்டில் போகும் பாதையில்தான் தொல்லை அதிகம். அதற்கொரு வரலாறு உண்டு. வரும் கடிதத்தை எடுத்துத் தரும் முறை தொடக்கத்திலிருந்தே கடவுச்சொல் கேட்டது. பிறர் கடிதத்தை இன்னொருவர் எடுத்துவிடக் கூடாதல்லவா? ஆனால் அனுப்பும் முறையை அமெரிக்க அறிஞர் ஜொனாதன் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வகுத்து வெளியிட்டபோது, அனுப்புபவரை 'நீ யார்?' என்று கேட்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. அக்காலத்து இணையத்தில் இருந்தோர் பல்கலைக்கழகத்தாரும் ஆய்வுக்கூடத்தாருமே. ஒருவரையொருவர் நம்பினர். எவர் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கி, உரிய இடத்திற்கு அனுப்பி வைப்பது பண்பு என்றே கருதப்பட்டது.

அந்நம்பிக்கை நெடுநாள் நிலைக்கவில்லை. அதற்கு முன்பே, 1978 மே 3 அன்று, கேரி துர்க் என்னும் கணிப்பொறி விற்பனையாளர் அக்கால வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்குக் கேளாத விளம்பரக் கடிதமொன்றை அனுப்பிப் பலருடைய சினத்தைச் சம்பாதித்திருந்தார். தொண்ணூறுகளில் இணையம் பொதுமக்கள் கைக்கு வந்தபோது அந்த ஒற்றைத் தூறல் பெருமழையாயிற்று. கேட்பாரற்றுத் திறந்து கிடந்த சர்வர்கள் வழியே இலட்சக்கணக்கில் விளம்பரக் குப்பைகள் பாய்ந்தன. பின்னரே கதவுகள் அடைக்கப்பட்டன. பயனாளிகள் தம் கடிதத்தை ஒப்படைப்பதற்கெனத் தனி வாயிலொன்று 1998 டிசம்பரில் வகுக்கப்பட்டது. அனுப்புவோர் கடவுச்சொல் காட்டும் முறை 1999 மார்ச்சில் வந்தது. ஆக, வரும் பாதையின் காவல் வீடு கட்டும்போதே வைத்தது. போகும் பாதையின் காவலோ திருட்டு நடந்த பிறகு அவசரமாக வைத்தது. ஒட்டுப் போட்ட வேலை எப்போதும் கொஞ்சம் பிசகும்.

நம் நாட்டிலும் இதன் விளைவைப் பலர் அனுபவித்தார்கள். வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்டு 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா நகரங்களில் அது முதலில் வந்தது. சென்னைச் சந்தாதாரர்களின் அஞ்சல் முகவரியில் 'எம்.டி.2' என்றெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பழைய விசிட்டிங் கார்டுகளில் இன்றும் காணலாம். அது மதராஸின் சுருக்கம். பின்னர் 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டைச் சேவை அறிமுகமாயிற்று. பலர் இணைப்பை மாற்றினர், முகவரியை மாற்றவில்லை. அப்போதுதான் இந்தப் புதிர் தோன்றியது. அக்காலச் சேவை நிறுவனங்களின் அனுப்பும் சர்வர்கள், பெரும்பாலும் தம் சொந்தக் கம்பி வழியே வருபவரிடம் மட்டுமே கடிதம் வாங்கும். அயல் கம்பி வழியே வருபவரை 'நீ எம் வீட்டுப் பிள்ளை அல்ல' என்று திருப்பிவிடும். வரும் கடிதமோ எந்தக் கம்பியாயினும் கடவுச்சொல்லைக் காட்டினால் போதும், வந்துவிடும்.

முதலில் கை வைக்கக் கூடாத இடம்

கடிதம் போகவில்லை என்றதும் நம்மவர் செய்வது என்ன? கணிப்பொறிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரத் தம்பியும், கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன் என்பார். அல்லது விண்டோஸையே புதிதாக ஏற்றிவிடுகிறேன் என்பார். இவ்விரண்டுக்கும் ஒருபோதும் உடனே சம்மதிக்காதீர்கள்.

நான் அறிந்த ஒரு குடும்பம். மூத்த மகன் சவூதியில் வேலைக்குச் சென்ற 2000ஆம் ஆண்டு முதல், அத்தாவுக்கும் மகனுக்கும் கடிதப் போக்குவரத்து வீட்டுக் கணிப்பொறியிலிருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் வழியே நடந்தது. தங்கையின் திருமணம், கிணற்றில் தண்ணீர் வற்றியது, பெருநாளில் யார் யார் வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தன. அத்தா ஆங்கில எழுத்துகளைக் கொண்டே தமிழை எழுதுவார். ஆண்டுகள் கழிந்து அத்தா காலமானார். கடிதங்கள் மட்டும் அக்கணிப்பொறியில் இருந்தன. ஒரு நாள் இளைய மகன் அதிலிருந்து ஒரு மடல் அனுப்ப முயன்றான், போகவில்லை. கடைக்குக் கொண்டுபோனான். மாலையில் பெட்டி பளபளவென்று திரும்பி வந்தது. கடிதம் அழகாகப் போயிற்று. பழைய கடிதங்களில் ஒன்றுகூட இல்லை.

காரணம் இதுதான். 'பாப்' முறையில் அமைந்த கணக்கு, சர்வரிலிருந்து கடிதத்தைக் கணிப்பொறிக்குள் இறக்கிய பின், சர்வரிலுள்ளதை அழித்துவிடுவதே அக்கால வழக்கம். 'சர்வரில் ஒரு படி வைத்திரு' என்னும் கட்டத்தில் நாமாகக் குறியிட்டாலொழிய வேறெங்கும் படி இராது. எனவே அந்த ஒரு வட்டில் இருந்ததே உலகில் இருந்த ஒரே படி. அந்தக் கடையைக் குறை சொல்லிப் பயனில்லை. 'உள்ளே என்ன இருக்கிறது?' என்று அவர் கேட்கவில்லை. 'இது இருக்கிறது' என்று இவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் பிழை என்ன தெரியுமா? போகும் சர்வருக்கும் கடவுச்சொல் தேவை என்னும் ஒரு சிறு கட்டத்தில் குறி விழாமல் இருந்தது. அதைச் சரிசெய்ய அரை நிமிடம் போதும்.

ஆகவே எதையும் தொடுமுன் பழைய கடிதங்களைப் பென் டிரைவில் படியெடுத்து வையுங்கள். தண்டர்பேர்டு என்றால், 'உதவி' என்னும் தலைப்பின் கீழுள்ள பழுது விவரப் பக்கத்தைத் திறந்தால் 'புரொஃபைல்' கோப்புறை எங்கிருக்கிறது என்று காட்டும். மென்பொருளை மூடிவிட்டு, அக்கோப்புறையை முழுவதுமாகப் படியெடுக்க வேண்டும். அவுட்லுக்கில் 'பி.எஸ்.டி.' என்று முடியும் கோப்பு. பழைய அவுட்லுக் எக்ஸ்பிரஸில் 'டி.பி.எக்ஸ்.' என்று முடியும் கோப்புகள். இவற்றின் இடம் தெரியாவிட்டால், பெயரின் கடைசி மூன்றெழுத்தைக் கொண்டு வட்டு முழுவதும் தேடச் சொல்லலாம். இவ்வேலை முடிந்த பிறகு கடைக்குப் போனாலும் பாதகமில்லை.

கடிதம் எங்கே நிற்கிறது?

முதலில் அவுட்பாக்ஸைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே கடிதம் கிடந்தால் அது இன்னும் நம் வீட்டை விட்டே புறப்படவில்லை. அங்கில்லாமல் 'அனுப்பியவை' என்னும் பெட்டியில் இருந்தால், நம் சேவை நிறுவனத்தின் சர்வர் அதை வாங்கிக்கொண்டது என்று பொருள். தொல்லை அதற்கு அப்பால் இருக்கிறது. இந்த ஒரு பார்வையே பாதி வேலையை முடித்துவிடும்.

அவுட்பாக்ஸில் கிடக்கிறது என்றால், மென்பொருள் 'ஆஃப்லைன்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் போய் வந்த பின்னரோ, இணைப்பு அறுந்து மீண்ட பின்னரோ இந்நிலை அப்படியே நின்றுவிடுவதுண்டு. தண்டர்பேர்டில், அனுப்பப்படாத கடிதங்களை அனுப்பு என்னும் கட்டளையை நாமே கொடுத்தால்தான் அவை புறப்படும். அவுட்லுக்கில் இன்னொரு விசித்திரம் உண்டு. அவுட்பாக்ஸில் அனுப்பத் தயாராக நிற்கும் கடிதம் சாய்ந்த எழுத்தில் காட்டப்படும். 'சரியாகத்தான் எழுதினேனா?' என்று அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினால் சாய்வு நீங்கிவிடும். கடிதமும் வரிசையிலிருந்து விலகிவிடும். மீண்டும் திறந்து 'அனுப்பு' என்று அழுத்தினாலன்றி அது காலமெல்லாம் அங்கேயே இருக்கும். கவனமாக இருப்பவரைத் தண்டிக்கும் ஏற்பாடு இது!

அதுவுமில்லையெனில், திரையில் தோன்றும் அறிவிப்பைப் படிக்க வேண்டும். நம்மவர் அதைப் படிப்பதில்லை. 'ஏதோ இங்கிலீஷில் வந்தது, ஓ.கே. கொடுத்துவிட்டேன்' என்பார்கள். அந்த ஆங்கிலம் முழுவதும் தேவையில்லை. அதிலுள்ள மூன்றிலக்க எண் ஒன்றே போதும்.

தருமபுரியின் அஞ்சல் குறியீட்டு எண் 636701. முதல் இலக்கமான 6ஐப் பார்த்த மாத்திரத்தில், எங்கோ வட இந்தியாவில் கடிதம் பிரிப்பவர்கூட இது தெற்கே போவது என்று அறிகிறார். அடுத்த இலக்கங்களைச் சேர்த்துப் பார்த்தால் சேலம் வட்டாரம் என்று தெரிகிறது. மின்னஞ்சல் சர்வர் சொல்லும் எண்ணும் அத்தகையதே. முதல் இலக்கம் 4 என்றால், 'இப்போது முடியவில்லை, சற்று நேரம் கழித்து வா' என்று பொருள். ஒன்றும் செய்யாமல் காத்திருந்து மீண்டும் அனுப்பினால் பெரும்பாலும் போய்விடும். முதல் இலக்கம் 5 என்றால், 'முடியாது. எதையேனும் மாற்றிக்கொண்டு வா' என்று பொருள். நூறு முறை அழுத்தினாலும் போகாது. 535 என்றால் கடவுச்சொல் ஏற்கப்படவில்லை. 550 என்றால் பெரும்பாலும் அப்பெயரில் அங்கு யாருமில்லை, அல்லது உன் வழியாக அனுப்ப அனுமதியில்லை. 552 என்றால் இடமில்லை, அல்லது கடிதத்தின் கனம் மிகுதி. இவ்வெண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால், கடைக்காரத் தம்பியும் விண்டோஸில் கை வைக்கமாட்டார்.

கடவுச்சொல் சரிதான், ஆனால் செல்லாது!

மேற்கண்டவற்றுள் இன்று அதிகம் காணப்படுவது 535தான். இதற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று பழையது. கைப்பேசியிலோ வேறு இடத்திலோ கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள். கணிப்பொறியில் வரும் பாதைக்குப் புதியதைக் கொடுத்திருப்பார்கள். போகும் பாதையில் பழையதே பதிந்து கிடக்கும். தண்டர்பேர்டில் சேமித்த கடவுச்சொற்களின் பட்டியலைத் திறந்தால் இரண்டும் தனித்தனி வரிகளாக இருப்பதைக் காணலாம். போகும் வரியை நீக்கிவிட்டால் அடுத்த முறை அதுவே புதிதாகக் கேட்கும்.

மற்றொன்று அண்மையது, பலரையும் திகைக்க வைத்தது. வெறும் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே வரும் மென்பொருள்களைக் கூகுள் நிறுவனம் 2022 மே 30 முதல் தன் ஜிமெயில் கணக்குகளில் அனுமதிப்பதில்லை. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக்.காம், ஹாட்மெயில் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதல் அவ்வாறே செய்தது. ஆகவே நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல் எழுத்துப் பிசகாமல் சரியாகவே இருக்கும். எனினும் தவறு என்றே பதில் வரும். ஜிமெயிலுக்கு வழி இரண்டு. தண்டர்பேர்டு போன்ற புதிய மென்பொருளாயின், அனுமதி முறையை 'ஓ-ஆத் 2' என்று மாற்றினால், கூகுளின் சொந்தப் பக்கமே திறந்து அனுமதி கேட்கும். அவ்வசதி இல்லாத பழைய மென்பொருளாயின், கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிய பின், மென்பொருளுக்கென்றே பதினாறு எழுத்துக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்று அதனைக் கொடுக்க வேண்டும். இதை வாட்ஸ்அப்பில் எவருக்கும் அனுப்பி வைக்காதீர்கள். அது உங்கள் வீட்டின் மாற்றுச் சாவி.

விண்டோஸ் 10உடன் கூடவே வந்த 'மெயில்' என்னும் சிறு மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் வேறொன்றையும் அறிய வேண்டும். 2024 டிசம்பர் 31உடன் மைக்ரோசாஃப்ட் அதன் ஆதரவை நிறுத்திவிட்டது. அதில் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. வேறு மென்பொருளுக்கு மாறத்தான் வேண்டும்.

வாயில் எண்

எண்ணே வராமல், 'சர்வரைத் தொடர்புகொள்ள இயலவில்லை' என்று மட்டும் வருவதும் உண்டு. அப்போது பார்க்க வேண்டியது வாயில் எண்ணை. ஆங்கிலத்தில் 'போர்ட்' என்பார்கள். பழைய எண் 25. குப்பைக் கடிதங்களை அஞ்சி இணைப்பு நிறுவனங்கள் பலவும் வீட்டு இணைப்புகளில் அவ்வாயிலை மூடிவிட்டன. அமைப்பில் 25 என்று இருந்தால் 587 என்று மாற்றி, பாதுகாப்பு முறையில் 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அல்லது 465 என்று கொடுத்து 'எஸ்.எஸ்.எல்.' அல்லது 'டி.எல்.எஸ்.' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எண்ணும் பாதுகாப்பு முறையும் மாறி இணைந்தால் ஒரு நிமிடம் சுழன்றுவிட்டு நின்றுவிடும். இந்த 465இன் கதை வேடிக்கையானது. 1997இல் இப்பணிக்கென ஒதுக்கி, மறு ஆண்டே திரும்பப் பெற்றுக்கொண்டு, இருபது ஆண்டு கழித்து 2018 ஜனவரியில், இதுவே நல்ல வழி என்று மீண்டும் பரிந்துரைத்தார்கள்.

வைரஸ் தடுப்பு மென்பொருள் சில, போகும் கடிதத்தை இடையில் நிறுத்திச் சோதிக்கும். அதனால் தடைபடுகிறதா என்றறிய, அச்சோதனையை மட்டும் ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம். முடிந்ததும் மறவாமல் திரும்ப இயக்கிவிட வேண்டும்.

கனமும் காலமும்

சிறு கடிதம் போகிறது, இணைப்புள்ள கடிதம் போகவில்லை என்றால் கனமே காரணம். ஜிமெயில் ஒரு கடிதத்துக்கு 25 மெகாபைட் வரை அனுமதிக்கிறது. ஆனால் படங்களும் கோப்புகளும் அஞ்சலில் செல்வதற்காக எழுத்து வடிவமாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகின்றன. எனவே 18 மெகாபைட்டைத் தாண்டினாலே ஆபத்துதான். ஒரு ஏ4 சான்றிதழை 600 புள்ளி அளவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சுருக்காமல் சேமித்தால் சுமார் 104 மெகாபைட் ஆகும். 300 புள்ளியில் 26. 150 புள்ளியில் கறுப்பு வெள்ளைச் சாயலாகச் செய்தால் இரண்டே சொச்சம். பி.டி.எஃப். ஆகச் சுருக்கினால் அதிலும் குறையும். மதிப்பெண் பட்டியலைப் படிக்க 150 புள்ளி தாராளமாகப் போதும். 'தெளிவாக இருக்கட்டும்' என்று 600 வைக்கும் ஸ்கேனிங் கடைகளைக் கண்டால் வேண்டாமென்று சொல்லுங்கள்.

கனத்தோடு காலமும் சேரும். நம் இணைப்புகள் பலவற்றில் இறங்கும் வேகம் அதிகம். ஏறும் வேகம் குறைவு. நொடிக்கு 256 கிலோபிட் ஏறும் இணைப்பில் 25 மெகாபைட் ஏறப் பதின்மூன்று நிமிடம் ஆகும். மென்பொருளோ, சர்வரின் பதிலுக்குக் குறிப்பிட்ட நேரம் காத்திருந்துவிட்டு, இது ஆகாது என்று கைவிட்டுவிடும். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அக்காத்திருப்பு ஒரு நிமிடமாக வைக்கப்பட்டிருந்தது. இதில் ஒரு விபரீதமும் உண்டு. சர்வர் கடிதத்தை முழுதும் வாங்கிக்கொண்டு, 'பெற்றேன்' என்று சொல்வதற்குள் மென்பொருள் பொறுமையிழந்துவிடும். கடிதம் அவுட்பாக்ஸிலேயே இருக்கும், மீண்டும் அனுப்பும், மீண்டும். அங்கே பெறுபவருக்கோ ஒரே கடிதம் ஏழெட்டு முறை போய்ச் சேரும். 'ஏனப்பா இத்தனை தடவை அனுப்புகிறாய்?' என்று அவர் சலித்துக்கொள்வார்; 'போகவே இல்லையே' என்று இவர் வருந்திக்கொண்டிருப்பார். அமைப்பில் காத்திருக்கும் நேரத்தை நீட்டினால் இது தீரும்.

காத்திருக்கும் நேரம் குறைந்தால் என்னவாகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் கணிப்பொறியாளர் நடுவே புகழ்பெற்றது. தொண்ணூறுகளின் இடையில் வடக்கு கரோலினா மாநிலத்தில் பல்கலைக்கழக அஞ்சல் சர்வரைக் கவனித்துவந்த ட்ரே ஹாரிஸ் என்பவரிடம், புள்ளியியல் துறைத் தலைவர் வந்து, தம் துறையிலிருந்து 500 மைலுக்கு அப்பால் மின்னஞ்சல் போவதில்லை என்றார். நம் ஊர் நிலைக்குச் சொன்னால், தருமபுரியிலிருந்து ஹைதராபாத்துக்குப் போகும், மும்பைக்குப் போகாது என்பதுபோல! கேட்டவர் நகைக்கத்தான் வேண்டும். ஆனால் சோதித்துப் பார்த்தபோது அது உண்மையாகவே இருந்தது. யாரோ சர்வரைப் புதுப்பிக்கையில் பழைய அஞ்சல் மென்பொருள் அதில் ஏறிவிட்டது. அதற்குப் புரியாத அமைப்பினால் காத்திருக்கும் நேரம் சுழியாகிவிட்டது. நடைமுறையில் ஒரு நொடியின் ஆயிரத்தில் மூன்று பங்கு நேரமே அது காத்திருந்தது. அந்நேரத்தில் ஒளி செல்லக்கூடிய தூரம் 560 மைலுக்குச் சற்றுக் குறைவு. புள்ளியியல்காரர் அளந்து சொன்ன முறையீடு இது. 'போகவில்லை' என்று மட்டும் சொல்லாமல் 'எங்கே போகிறது, எங்கே போகவில்லை' என்று அவர் சொன்னதனால்தான் பிழை அகப்பட்டது.

பழைய பெட்டியின் கடிகாரம்

பழைய மேசைக் கணிப்பொறிகளுக்கே உரிய ஒரு நோய் உண்டு. உள்ளே ஒரு ரூபாய் நாணயம்போல் வட்டமான மின்கலம் இருக்கும். அது தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணிப்பொறி பத்துப் பதினைந்து ஆண்டு பின்னுக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான சர்வர்கள் காட்டும் சான்றிதழை மென்பொருள் ஏற்காது. வருவதும் நிற்கும், போவதும் நிற்கும். அப்படியும் போய்விட்ட கடிதம், பெறுபவரின் பெட்டியில் பழைய ஆண்டின் தேதியோடு அடியில் போய் விழலாம். வரவில்லை என்று அவர் சொல்வது பொய்யன்று. அவர் மேலே தேடுகிறார். திரையின் மூலையிலுள்ள தேதியை ஒரு கணம் பாருங்கள். 'சி.ஆர். 2032' என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே அந்த மின்கலம் கிடைக்கும்.

போனது, ஆனால் சேரவில்லை

அனுப்பியவை பெட்டியில் இருந்தும் பெறுபவர் இல்லை என்கிறார் என்றால், முதலில் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெயரின் முதல் இரண்டெழுத்தைத் தட்டியதும் மென்பொருள் தானே நிரப்பித் தரும் முகவரி, அவர் பத்தாண்டுக்கு முன் கைவிட்ட பழையதாக இருக்கக்கூடும். அதனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது நல்லது. அடுத்து, அவருடைய 'ஸ்பேம்' பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளி, அறக்கட்டளை, நிறுவனம் என்று சொந்தப் பெயரில் முகவரி வைத்திருப்போருக்கு மேலும் ஒரு கடமை இருக்கிறது. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு எழுதுவோர் எவராயினும், தம் பெயரில் கடிதம் அனுப்பத் தகுதியுள்ள சர்வர் எது என்பதை 'எஸ்.பி.எஃப்.' அல்லது 'டி.கே.ஐ.எம்.' என்னும் பதிவின் மூலம் அறிவித்திருக்க வேண்டும் என்று கூகுள் விதித்துள்ளது. அப்பதிவு இல்லையேல் கடிதம் திருப்பப்படும், அல்லது ஸ்பேமுக்குப் போகும். இதை நம் கணிப்பொறியில் செய்ய இயலாது. பெயரைப் பதிவு செய்து தந்தவரிடம் கேட்டே செய்விக்க வேண்டும்.

இறுதியாக, திரும்பி வரும் அறிக்கை. 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஒரு கடிதம் வரும். பெயரைக் கண்டதும் வைரஸ் என்றோ, ஏதோ ஷைத்தானின் வேலை என்றோ அஞ்சிப் பலர் உடனே அழித்துவிடுகிறார்கள். திரைமறைவில் ஓயாது வேலை செய்யும் ஏவலாள் என்பதே அங்கு அச்சொல்லின் பொருள். 1963ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்துக் கணிப்பொறியாளர்கள், இயற்பியல் அறிஞர் மாக்ஸ்வெல் கற்பனை செய்த ஓர் ஏவலாளை நினைத்து அதை வழங்கத் தொடங்கினார்கள். அவ்வேவலாள் கொண்டுவரும் தாளில்தான் யாருக்கு அனுப்பியது, எந்த சர்வர் மறுத்தது, ஏன் மறுத்தது என்பதெல்லாம் எழுதியிருக்கும். நாம் தேடும் மூன்றிலக்க எண்ணும் அதிலேயே இருக்கும். அழிக்காமல் அச்செடுத்துக்கொண்டு, அதன் பிறகு கடைக்குப் புறப்படலாம். நீங்கள் அனுப்பாத கடிதத்துக்கு இத்தகைய அறிக்கைகள் கட்டுக்கட்டாக வருமானால், உங்கள் பெயரில் வேறெவரோ எழுதுகிறார் என்று பொருள். அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். போகும் பாதையிலும் சேர்த்து.